அத்தியாயம் 14: ஒரு ஸ்பூன் தண்ணீர்

அறுநூற்று முப்பத்தேழு.

சின்னவளின் கைபேசியில் 'செய்யணும்' என்று பெயர் வைத்த பகுதியில் அவள் சேமித்து வைத்திருக்கும் வீடியோக்களின் எண்ணிக்கை அது. பழைய ஜீன்ஸில் பை தைப்பது, கண்ணாடி பாட்டிலில் விளக்கு செய்வது, ஐஸ் குச்சிகளால் அலமாரி கட்டுவது, ஓவன் இல்லாமல் கேக் சுடுவது என்று சகலமும் அதில் உண்டு. இதுவரை எத்தனை செய்து முடித்தாள் என்று கேட்டு அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஒருமுறை பசை வாங்கினாள். மூடி திறக்கப்படாமலேயே அது ட்யூபுக்குள் இறுகிப்போனது.

"ஏட்டுச் சுரைக்காயாவது ஏட்டுல இருக்கும். உன் சுரைக்காய் சார்ஜ் தீர்ந்தா அதுவும் இல்லை" என்பாள் அண்ணி.

சின்னவள் தள்ளிப்போடுவது வீடியோக்களை மட்டும் அல்ல என்பது இந்தக் குடும்பத்தோடு பதின்மூன்று வாரமாகப் பழகியவர்களுக்குத் தெரியும். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்காகச் சில வரிகள். சின்னவளுக்கு முப்பத்தாறு வயது. பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அண்ணன் பார்த்து முடித்த கல்யாணம் நாலே வருடத்தில் கோர்ட்டில் முடிந்தது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவள் வேலை செய்யும் கட்டடத்திலேயே, பக்கத்துக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டுகிறவர் செப்டம்பரில் ஒரு நாள், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். யோசித்தாள், யோசித்தாள், பிப்ரவரி வந்துவிட்டது.

போன வாரம் அவருக்கு வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. "பதினாலாம் தேதி நாலு மணி பஸ். இல்லைன்னு சொல்றதுக்காவது ஒரு தடவை வந்துட்டுப் போங்க. இனிமே நான் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் வீட்டுக்கும் தெரிந்தது. "ஒரு தடவை பட்டது போதாதா?" என்று அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து தங்கையோடு நேர்ப்பேச்சு கிடையாது. "அவளைச் சாப்பிடச் சொல்லு", "அவ குடையை எடுத்துக்கிட்டாளான்னு கேளு" என்று எல்லாம் அண்ணி வழியாகத்தான். கோபத்திலும் குடையை மறக்காத மனிதர்.

இன்று பதினாலாம் தேதி.

* * *

"சொல்ல வாய் வரலைன்னா கையால சொல்லு" என்று முடிவெடுத்தவள் அண்ணிதான்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வீடியோ: 'காதலர் தின சாக்லேட், வீட்டிலேயே, பத்தே நிமிடத்தில்'. அதில் இதய வடிவ அச்சு வேண்டும் என்று இருந்தது. கடைகளில் எல்லா அச்சும் தீர்ந்துபோயிருந்தது. யாருடைய வீட்டில் இது நடக்கிறது என்பதைக் கடைக்காரர்கள் அறியவில்லை. அண்ணிக்குப் பத்தொன்பது வருடமாகப் பல் செட் செய்யும் லேபில் வேலை. தெருவில் எல்லோரும் 'பல் டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். "நான் செய்யறவ. புடுங்கறவங்க வேற" என்று அவளும் சலிக்காமல் திருத்துவாள்.

மெழுகைச் சூடாக்கி, சின்னக் கத்தியால் செதுக்கி, முந்தாநாளே ஒரு மூக்குக் கண்ணாடி செய்துவிட்டாள். இரண்டு வட்டத்துக்குப் பதிலாக இரண்டு இதயம், நடுவே ஒரு பாலம், பக்கத்துக்கு ஒரு காம்பு. அதன் மேல் பல் அச்சு எடுக்கும் புத்தம்புது சிலிக்கானை ஊற்றி, நேற்று உரித்து எடுத்தாள். காம்பின் முனை வளைவுகூடச் சுத்தமாக விழுந்திருந்தது.

"இது வாய்க்குள்ள போகலாமா அண்ணி?"

"வாய்க்குள்ள போறதுக்குன்னே தயாரிச்சதுடி. அரை ஊர் கடிச்சிருக்கு."

சின்னவள் லீவு போட்டிருந்தாள். அண்ணி அரை நாள் லீவு. பதினொன்றரைக்கு அடுப்பில் வெந்நீர், வெந்நீரின் மேல் கிண்ணம், கிண்ணத்தில் ஊரெல்லாம் தேடிக் கிடைத்த கடைசி இரண்டு கட்டி சமையல் சாக்லேட். சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்ற கைபேசியில் இரண்டு அழகான கைகள் கிளறிக்கொண்டிருந்தன. இந்த வீடியோக்களில் முகம் கிடையாது, வெறும் கைகள்தான். அந்தக் கைகளில் எதுவும் ஒட்டுவதும் இல்லை.

"நிறுத்து, நிறுத்து. நாம இன்னும் அங்க வரலை" என்று அண்ணி வீடியோவை நிறுத்தினாள்.

சின்னவள் கரண்டியைச் சுழற்றினாள். சாக்லேட் உருகிப் பளபளவென்று வந்தது. செய்யவே மாட்டோம் என்று அவளே நம்பியிருந்த ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதில் அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சந்தோஷமாக இருந்தாள். இத்தனை வருடத்தில் அண்ணி அவளை இப்படிப் பார்த்ததில்லை.

"கொஞ்சம் கெட்டியா இல்லே?" என்றாள் சின்னவள்.

அண்ணி எட்டிப் பார்த்தாள். இடது கையால் குழாயைத் திறந்தாள், ஒரு ஸ்பூன் தண்ணீர் பிடித்தாள், கிண்ணத்தில் விட்டாள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. பத்தொன்பது வருடமாக லேபில் தினமும் பல் அச்சுக்குப் பிளாஸ்டர் குழைக்கும் கை அது. குழைக்கும்போது கெட்டியானால் ஒரு ஸ்பூன் தண்ணீர் என்பது அந்தக் கைக்கு மூளையைக் கேட்காமலேயே தெரியும்.

பிளாஸ்டர் கேட்கும். சாக்லேட் கேட்காது.

முதலில் ஓரத்தில் சுருங்கியது. பிறகு பளபளப்பு போனது. அண்ணி வேகமாகக் கிளறினாள்; கிளறக் கிளற அது இன்னும் இறுகி, மணல் மணலாகத் திரண்டு, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சின்னவள் வீடியோவை ஓடவிட்டாள். அழகான கைகளுக்குச் சொந்தமான குரல் சொன்னது: "ரொம்ப முக்கியம். ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக்கூடாது."

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

* * *

மூன்று கடைக்கு ஃபோன் போட்டார்கள். ஒரு கடையில், "இன்னிக்குப் போய்க் கேக்கறீங்களேம்மா" என்று சிரித்தே விட்டார்கள்.

சின்னவள் அச்சைக் கழுவித் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"விடுங்க அண்ணி. வேண்டாம்னு இருக்கு போல. அவரும் புது இடத்துல போய்ச் செட்டிலாகட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

"எப்புறம்?"

"அடுத்த வருஷம் கூட..."

அண்ணி கரண்டியை வீசினாள். அது தொட்டியில் விழுந்து ஒரு சுற்று சுற்றியது. அண்ணி சட்டென்று கோபப்படுகிறவள் இல்லை. வந்தால் வீடு தாங்காது.

"சாக்லேட்டைக் கெடுத்தது நான். ஒத்துக்கறேன். காலத்துக்கும் சொல்லிக் காட்டு. ஆனா அஞ்சு மாசத்தைக் கெடுத்தது யாரு? ஊசி குத்தினா நரம்பு ஒரே குத்துல கிடைக்குதுன்னு ஊரே உன்கிட்ட வருது. ஒரு 'சரி' சொல்ல உனக்கு எத்தனை குத்து வேணும்?"

"எனக்குச் சொல்ல வரலை அண்ணி." சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. "ஃபோன்ல நாப்பது தடவை அடிச்சிட்டேன். அடிச்சு அடிச்சு அழிச்சிட்டேன்."

"சரின்னா? இல்லைன்னா?"

"சரின்னுதான்."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. அவருக்குக் கல்யாண நாளே காலண்டரில் அண்ணி வட்டம் போட்டால்தான் நினைவுக்கு வரும்; காதலர் தினத்துக்கு வந்தார் என்று யாரும் நினைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்னதான் இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"சாக்லேட். நான் தண்ணி விட்டுட்டேன்."

ஒரு கட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். "ருசி போகலியே" என்றார் சுவரைப் பார்த்து. பிறகும் போகாமல் நின்றார். "அவ போறாளான்னு கேளு."

"நீங்களே கேளுங்க. என் வாடகை வாய் இன்னிக்கு லீவு" என்றாள் அண்ணி.

ஆறு நாள் கழித்து அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"போறியாம்மா?"

அந்த 'அம்மா'வில் சின்னவள் உடைந்துவிட்டாள். "நீ வேண்டாம்னு சொல்றப்போ நான் எப்படிண்ணா போறது?"

"நான் ஏன் சொல்றேன்?" அண்ணனின் குரல் ஏறியது, அதே வேகத்தில் இறங்கியது. "போன தடவை நான்தானே விசாரிச்சேன்? அவன் ஆஃபீஸ், அவன் தெரு, பால்காரன் வரைக்கும் கேட்டேன். தங்கமான பையன்னாங்க. நாலு வருஷம் நீ என்ன பட்டேன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கோர்ட்டுலதான் தெரிஞ்சுது. லிஃப்டுன்னா கம்பியை இழுத்துப் பார்த்துச் சொல்லுவேன். மனுஷனை எதை இழுத்துப் பார்க்கிறது?"

"சொன்னா நீ தாங்க மாட்டேன்னுதான் சொல்லலை."

"சொல்லாததைத்தான் தாங்க முடியலை."

அண்ணி அடுப்பு மேடையைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

"சரி, சொல்லு. இவர் எப்படிப்பட்டவர்?" என்றார் அண்ணன். "பால்காரன் சொல்றது வேண்டாம். நீ சொல்லு."

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரத்தம் கொடுக்க வந்தார். பயந்தாங்கொள்ளி. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, 'நீங்க பேசிட்டே இருங்க, நான் பார்க்க மாட்டேன்'னார். எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. வீடியோ சேர்த்து வைக்கிறதைச் சொன்னேன். எல்லாரும் சிரிப்பாங்களே? அவர் சிரிக்கலை. 'முதல்ல எதைச் செய்வீங்க?'ன்னு கேட்டார். அதுக்கப்புறம் எப்போ பார்த்தாலும் அதையேதான் கேப்பார். நான் ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சும் கேப்பார். செஞ்சிடுவேன்னு நம்பறவர் மாதிரி கேப்பார்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர்கிட்ட பேசினா எனக்குப் பயமா இல்லைண்ணா. அவ்வளவுதான். வேற விசாரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஒரு ஃபோன் பண்ணணும்" என்று செருப்புகூடப் போடாமல் மாடிப்படிக்குப் போனார். திரும்பி வர ஐந்து நிமிடம் ஆனது. வரும்போது சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என்னங்க?"

"ஒரு லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. சரி பண்ணச் சொல்லியிருக்கேன்." தண்ணீர் எடுத்துக் குடித்தார். "அத்தனை வீடியோ வெச்சிருக்காளே, இந்தச் சனியனைச் சரி பண்ண ஒண்ணு இருக்காதா?"

சின்னவள் தேடினாள். சாதாரணமாக எதையாவது தேடினால் வேறு எதையாவது பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் போய்விடும். இன்று நேராகப் போனாள். நானூற்று மூன்று: 'இறுகிப்போன சாக்லேட்டா? கவலை வேண்டாம்'. எப்போதோ, எதற்கு என்று தெரியாமலே சேமித்தது.

"என்ன பண்ணணுமாம்?" என்றாள் அண்ணி.

சின்னவள் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "தண்ணி போதலையாம் அண்ணி. கொஞ்சமா ஊத்தினதுதான் தப்பாம். நிறைய சூடான பால் ஊத்தணுமாம். மறுபடி அச்சுல ஊத்த முடியாது, ஆனா குடிக்கலாம்."

"பார்த்தியா, என் கை பாதி சரியாத்தான் பண்ணியிருக்கு!"

பாலைச் சின்னவளே காய்ச்சினாள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விடாமல் அடித்தாள். அண்ணி உதவிக்குக் கையை நீட்டியபோது முழங்கையால் தள்ளிவிட்டாள். மணல் கரைந்தது. கரண்டியிலிருந்து பட்டுப்போல் வழிந்து, வீடு முழுக்க மணந்தது. அறுநூற்று முப்பத்தேழில் முதல் முறையாக ஒன்று செய்து முடிந்தது. அதைப் பார்த்து மூவரும் சும்மா நின்றார்கள்.

ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினாள்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் எனக்கு ஒரு வேலை இருக்கு. வேணும்னா வண்டியில ஏறச் சொல்லு" என்றார் அண்ணன், பழைய பழக்கத்தில்.

அந்தப் பக்கம் இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது என்பது அண்ணிக்குத் தெரியும். சொல்லவில்லை.

* * *

மூன்று ஐம்பது. பஸ் ஸ்டாண்டில் நாலு மணி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. அண்ணன் ஸ்கூட்டரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று குனிந்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் டிக்கெட் கவுண்டர் பக்கத்து பெஞ்சில் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவர் செருப்பெல்லாம் புழுதியாக இருந்தது. தலை கலைந்திருந்தது.

சின்னவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கோ இறங்கிப் போய்விட்டது. ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி நீட்டினாள்.

"இது..."

"நீங்க செஞ்சதா?" அவர் குரல் உயர்ந்தது. "செஞ்சிட்டீங்களா?"

தலையசைத்தாள். அவர் குடித்தார். ஆவி ஏறி இரண்டு லென்ஸும் வெள்ளையாகிவிட்டன. கண்ணாடியைக் கழற்றினார். "இது இல்லாட்டி ரெண்டடிக்கு மேல எனக்கு எல்லாம் மங்கல். உங்க முகம்கூடத் தெரியலை" என்று சட்டை நுனியைத் தேடினார்.

"துடைக்காதீங்க" என்றாள் சின்னவள். "அப்படியே இருங்க. செப்டம்பர்ல ஒண்ணு கேட்டீங்க. அதுக்குச் சரி. எனக்குச் சம்மதம். ரொம்ப நாளாவே சம்மதம். எனக்குச் சொல்லத்தான் தெரியலை."

ஒரே மூச்சில் வந்தது. சொல்லிவிட்டோம் என்பதே அவளுக்கு நம்ப முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன, எதையும் அடக்கவில்லை.

அவர் கண்ணாடி இல்லாமலே அவளைப் பார்த்துச் சிரித்தார். மூடியைப் பிடித்த கை ஆடி, சாக்லேட் சட்டையில் சிந்தியது. அவர் கவனிக்கவில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார். சின்னவள் திடுக்கிட்டாள்.

"ஐயோ, பஸ்! ஏறுங்க. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. உங்க பெட்டி எங்கே?"

"பெட்டியா? அது போயிட்டிருக்கு."

"எங்கே?"

"ஒரு மணி பஸ்ல." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "நாலு மணி வரைக்கும் இங்க உட்கார்ந்து என்ன பண்றதுன்னு முன்னாடி வண்டியிலேயே ஏறிட்டேன். அப்புறம் பாதி வழியில ஃபோன் வந்துச்சு. இறங்கணும்னேன். ரோட்டுல நிறுத்தி டிக்கியெல்லாம் திறக்க முடியாதுன்னுட்டார் டிரைவர். 'பெட்டி வேணுமா, இறங்கணுமா?'ன்னு கேட்டார். இறங்கிட்டேன்."

சின்னவளுக்குப் புரியவில்லை. "ஏன் ஒரு மணி பஸ்ல ஏறினீங்க? நாலு மணிக்குள்ள வந்து சொல்லுங்கன்னுதானே சொன்னீங்க?"

"உங்க பதில்தான் திங்கட்கிழமையே வந்துடுச்சே."

"என் பதிலா? நான் இப்போதானே சொன்னேன்!"

அவர் தயங்கினார். அவள் தோளுக்குப் பின்னால், தூரத்து ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் கடைக்கு வந்தாருங்க. 'அவளுக்கு இஷ்டமில்லை. நேர்ல சொல்லச் சங்கடமா இருக்குன்னு என்னை அனுப்பினா. இனிமே அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னார். 'சரி, அப்போ ஒரு மணி பஸ்லயே போயிடறேன்'னுட்டேன். இன்னிக்கு ஒண்ணே முக்காலுக்கு அவரே ஃபோன் பண்ணி, 'நான் சொன்னது பொய். எங்க இருந்தாலும் இறங்குங்க'ன்னார். அழுதுட்டிருந்தார்."

நாலு மணி பஸ் கிளம்பிப் போனது. அது போன இடத்தில், எதிரே, அண்ணன் நன்றாகக் காற்றடித்த சக்கரத்தை இன்னும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவள் ஃபிளாஸ்க்கிலிருந்து இன்னொரு மூடி நிறைய ஊற்றினாள். ஆவி பறந்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைக் கடந்து அண்ணனை நோக்கி நடந்தாள். அதை அவருக்குக் குடிக்கக் கொடுக்கப் போகிறாளா, தலையில் ஊற்றப் போகிறாளா என்பது அவளுக்கே இன்னும் தெரியவில்லை.